எல்லையோரத்துப் பழைய வீடு: பத்திரம், ஆறு, சுண்ணாம்பு

புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர் பக்கம் தென்பெண்ணை ஆற்றையொட்டிய ஊரில் பழைய ஓட்டு வீடு ஒன்றை வாங்கியிருக்கிறோம் என்று சொன்னதிலிருந்து கடலூரில் தெரிந்தவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள், அந்த மாதிரி வீடு இன்னும் கிடைக்குமா, என்ன விலை, யாரிடம் விசாரிப்பது என்று. கிடைக்கும். பூட்டிக் கிடக்கிற வீடுகள் அந்தப் பக்கம் இருக்கின்றன. ஆனால் தூணையும் முற்றத்தையும் பார்த்து மயங்கி அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த மண் எந்த வருஷம் யார் ஆட்சியில் இருந்தது, அந்தக் குடும்பம் எந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது, இந்த இரண்டையும் வைத்துத்தான் விற்க வேண்டியவர்கள் யார் யார் என்பதே முடிவாகும். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

கடலூரிலிருந்து பாண்டிச்சேரிக்குப் பஸ்ஸில் போகிறவர்களுக்கு இந்த எல்லை பழகிப்போன ஒன்று. பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி முள்ளோடை வந்தால் புதுச்சேரி, ரெட்டிச்சாவடியில் தமிழ்நாடு, தவளக்குப்பத்தில் மறுபடி புதுச்சேரி. கடைகளைப் பார்த்தே சொல்லிவிடலாம். உள்ளே கிராமங்களுக்குப் போனால் இன்னும் சிக்கல், ஒரு வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் ஒரு அரசாங்கம், அந்தப் பக்கம் வேறு அரசாங்கம். இன்றைக்கு இது மாநில எல்லை மாதிரி. 1954 வரை இது இரண்டு நாடுகளுக்கு நடுவில் இருந்த எல்லை.

அந்த எல்லை வந்த கதையைப் பள்ளிக்கூடத்தில் யாரும் ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்கவில்லை என்பது என் வருத்தம். 1690-இல் கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து ஆங்கிலேயர் வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை உள்ள ஊர்களும் சேர்த்து என்று பேச்சு. அப்படிச் சுட்டு எடுத்துக்கொண்ட ஊர்களைத்தான் குண்டு கிராமங்கள் என்றார்கள். நம் கடலூரே அப்படி அவர்கள் கைக்குப் போன ஊர்தான். இந்தப் பக்கம் 1749-இல் ஆர்க்காட்டு நவாப் சந்தா சாகிப் வில்லியனூரையும் பாகூரையும் சுற்றியிருந்த ஊர்களைப் பிரெஞ்சுக்காரருக்குக் கொடுத்தார். 1752-இல் பாகூரிலேயே ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் சண்டை. அதற்கப்புறம் புதுச்சேரி கை மாறி மாறி, கடைசியில் 1816-இல் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பி வந்தது, துண்டு துண்டாக, நடுவில் நடுவில் ஆங்கிலேயர் ஊர்களோடு. 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவுக்கு வந்தது. சட்டப்படி ஒப்படைத்தது 1962 ஆகஸ்ட் 16.

இந்தத் தேதிகள் பத்திரம் படிக்கும்போது ஒவ்வொன்றாக முன்னால் வந்து நிற்கும்.

வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தெருவைப் பார்த்த நீளத் திண்ணை, இரண்டு பக்கமும் தேக்குத் தூண். உள்ளே ரேழி, அப்புறம் முற்றம், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், அதற்கு மேல் நாட்டு ஓடு. முன்பக்கத்து அறை ஒன்றுக்கு மட்டும் ஓடு கிடையாது, மர உத்திரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டும் மெட்ராஸ் டெரஸ் தளம். கட்டியவர் அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த வியட்நாமில், சைகோனில் வேலை பார்த்தவர், அந்தக் காசில் கட்டிய வீடு என்று ஊரில் சொல்கிறார்கள். பாகூர், காரைக்கால் பக்கமெல்லாம் இப்படிச் சைகோன் காசு வீடுகளைப் பார்க்கலாம். அவருடைய மூத்த மகன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, 1962-க்கு அப்புறம் பிரெஞ்சுக் குடியுரிமையை எடுத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். தெருவில் இன்றைக்கும் இது சொல்தா வீடுதான், சொல்தா என்றால் பிரெஞ்சுச் சிப்பாய்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் சாவியைக் கொடுப்பதற்கு முன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "ஏம்மா, இடிக்கத்தானே வாங்குறீங்க?"

"இல்ல தாத்தா, குடியிருக்க."

அவர் நம்பவில்லை. நம்பாததற்குக் காரணமும் இருக்கிறது. எங்களுக்கு முன்னால் வந்து பார்த்தவர்கள் எல்லாம் மரத்துக்காக வந்தவர்கள். இந்தப் பக்கத்தில் விற்பவர்கள் மனைக்கு மட்டும்தான் விலை சொல்கிறார்கள், கட்டடத்துக்கு ஒரு ரூபாய் கூடப் போடுவதில்லை, ஆனால் பழைய சாமான் வியாபாரி வந்தால் தூணுக்கும் நிலைக்கும் தனித்தனியாக விலை பேசுகிறார். வாங்குகிறவருக்கு வீட்டை நிற்க வைப்பதை விடப் பிரித்து விற்பது லாபம். அதனால்தான் வருஷத்துக்கு வருஷம் தெருவில் ஒரு திண்ணை காணாமல் போகிறது. பாண்டியில் கடற்கரைப் பக்கத்து மஞ்சள் சுவர் வீடுகளைக் காப்பாற்ற எவ்வளவோ பேர் பேசுகிறார்கள், பேசட்டும், நல்லதுதான். கிராமத்து வீட்டுக்கு அப்படிப் பேச ஆள் இல்லை. பல்லவன் நிருபதுங்கவர்மன் செப்பேட்டில் இருக்கிற ஊர் பாகூர், அங்கே நடந்த கல்விச்சாலைக்கு அவன் கிராமங்கள் கொடுத்திருக்கிறான், சோழர் காலத்து மூலநாதர் கோயில் இன்றைக்கும் நிற்கிறது. அந்த ஊரைச் சுற்றியுள்ள வீடுகள் விறகு விலைக்குப் போவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. நாங்கள் வாங்கியதற்கு முதல் காரணமே அதுதான்.

சரி, பத்திரத்துக்கு வருவோம்.

தரகர் கொண்டுவந்த பத்திரக் கட்டின் அடியில் இருந்தது 1936-இல் எழுதிய பிரெஞ்சுப் பத்திரம், கையெழுத்துப் பிரதி, நொத்தேர் (பத்திரம் எழுதிச் சான்றளிக்கும் பிரெஞ்சு அதிகாரி) முத்திரையோடு. கடலூரில் நாங்கள் வழக்கமாகப் போகும் வக்கீல் அதைப் பார்த்துவிட்டு இரண்டு கேள்வி கேட்டார். மூலப்பத்திரம் எங்கே, இது நகல்தானே? விற்றவர் பூர்வீகச் சொத்தைத் தனியாக விற்றிருக்கிறார், அவருடைய மகன்கள் கையெழுத்து எங்கே? தமிழ்நாட்டுச் சொத்தாக இருந்தால் இரண்டும் சரியான கேள்விகள். இரண்டுக்கும் பதில் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு தெரிந்த மூத்த வக்கீல் ஒருவரிடம் கிடைத்தது. பிரெஞ்சு முறையில் மூலம் நொத்தேர் வசமே இருக்கும், வாங்கியவருக்குக் கொடுப்பது சான்றிட்ட நகல். அதனால் நகல் இருப்பதே முறை, அதை நொத்தேர் ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த நம் பக்கத்து இந்துக் குடும்பங்களில் பூர்வீகச் சொத்தில் மகனுக்குப் பிறக்கும்போதே பங்கு உண்டு. பிரெஞ்சுப் பகுதி இந்துக்களுக்கு அங்கிருந்த நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட வழக்கம் வேறு, அப்பா இருக்கும்வரை பூர்வீகச் சொத்துக்கும் அவரே முழு உரிமையாளர், மகன்களைக் கேட்க வேண்டியதில்லை. ஆக, வாய்க்காலுக்கு இந்தக் கரையில் மகன்கள் எதிர்க்கக்கூடிய விற்பனை அந்தக் கரையில் செல்லும். 1936 பத்திரம் சுத்தம்.

1936-இல் இடத்தை வாங்கியவர், அதாவது வீட்டைக் கட்டியவர், 1971-இல் உயில் எழுதாமல் இறந்திருக்கிறார். இங்கேதான் சட்டம் மாறுகிறது. இந்து வாரிசுரிமைச் சட்டம் தமிழ்நாட்டில் 1956-லேயே வந்துவிட்டது, புதுச்சேரிக்கு நீட்டித்தது 1963 அக்டோபர் 1. அவர் அதற்குப் பிறகு இறந்ததால் மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சம பங்கு. அதே மனிதர் 1960-இல் இறந்திருந்தால் கணக்கே வேறு. அப்புறம் இன்னொரு கேள்வியும் மறக்காமல் கேட்க வேண்டும், குடும்பம் ரெனோன்சான் குடும்பமா என்று. 1881-இல் வந்த ஆணைப்படி தங்கள் சாதி சமய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, குடும்பப் பெயரும் வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். அவர்களுக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் கிடையாது, பிரெஞ்சு சிவில் சட்டம்தான். அதில் மகனும் மகளும் சமம், ஒரு பிள்ளையை ஒதுக்கி இன்னொரு பிள்ளைக்கு மட்டும் எல்லாவற்றையும் உயில் எழுதவும் முடியாது. ஆகவே ரெனோன்சான் குடும்பத்துச் சொத்தில் "அப்பா எனக்கு உயில் எழுதிட்டார்" என்று யாராவது சொன்னால் அங்கேயே நின்று விசாரியுங்கள்.

எங்களுக்கு விற்ற குடும்பம் ரெனோன்சான் குடும்பம் இல்லை. ஆனால் தரகர் கொடுத்த வாரிசுப் பட்டியலில் இரண்டு மகன்களின் பிள்ளைகள் பெயர்கள் மட்டும்தான் இருந்தன. மகள்கள் மூன்று பேர் பட்டியலிலேயே இல்லை. கேட்டால், "கல்யாணம் பண்ணிக் கொடுத்தாச்சு, சீர் செஞ்சாச்சு, அவங்க வரமாட்டாங்க" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. சட்டத்தை விடுங்கள், அந்த வீட்டுத் திண்ணையில் வளர்ந்த பெண்கள் அவர்கள். கொம்யூன் பஞ்சாயத்தில் (புதுச்சேரியின் கிராம உள்ளாட்சி அலுவலகம்) பழைய பிறப்பு இறப்புப் பதிவேடுகளில் தேடி மகள்கள் பெயர்களை எடுத்தோம். பிரான்சில் இருக்கும் பேரன் தன் குடும்பத்து லிவ்ரேவை ஸ்கேன் செய்து அனுப்பினார், அது கல்யாணம், பிறப்பு, இறப்பு எல்லாம் வரிசையாகப் பதிந்து வைக்கிற சின்னப் புத்தகம், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீடுகளில் பத்திரமாக வைத்திருப்பார்கள். மூத்த மகன் வழி வாரிசுகள் அதிலிருந்து தெளிவானார்கள். ஒரு மகளின் பிள்ளைகள் காரைக்காலில், இன்னொருவரின் பிள்ளைகள் பாரிஸ் பக்கம், மூன்றாமவர் உயிரோடு இருக்கிறார், விழுப்புரத்தில். அவரைப் போய்ப் பார்த்தோம். தன் பங்கை வாங்கிக்கொண்டு சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். முற்றத்துத் துளசி மாடம் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது.

பிரான்சில் இருப்பவர்கள் வந்து போக முடியாது என்றால் பவர் பத்திரம் அனுப்புவார்கள். இந்தியாவும் பிரான்சும் அப்போஸ்தில் ஒப்பந்தத்தில் இருப்பதால் அங்கேயே நொத்தேர் முன்னால் கையெழுத்திட்டு, அப்போஸ்தில் முத்திரை (வெளிநாட்டு ஆவணம் உண்மையானது என்று காட்டும் சான்று) வாங்கி அனுப்ப வேண்டும். ஆனால் அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். கவர் வந்த தேதியை எழுதி வையுங்கள். வரி விஷயமும் இருக்கிறது. விற்பவர் இந்தியாவில் குடியிருப்பவர் என்றால் 50 லட்சத்துக்குக் குறையாத விற்பனையில் ஒரு சதவீதம் பிடித்துக் கட்டினால் முடிந்தது. வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் அந்த 50 லட்சம் வரம்பு கிடையாது, பிடிக்க வேண்டிய விகிதமும் மூலதன லாப வரிக்கான விகிதம், அது ரொம்ப அதிகம். குறைத்துப் பிடிக்க வேண்டுமானால் விற்பவர் வருமான வரித் துறையிடம் முன்கூட்டியே சான்று வாங்க வேண்டும். பிடிக்காமல் விட்டால் மாட்டுவது வாங்கியவர். இது நிறைய ஆடிட்டர்களுக்கே முதலில் ஞாபகம் வருவதில்லை, நீங்களே கேளுங்கள்.

வீட்டோடு சேர்ந்த தென்னந்தோப்பு ஒன்று, வரப்பு தாண்டினால் தமிழ்நாடு. வீடு புதுச்சேரியில், தோப்பு கடலூர் மாவட்டத்தில். இரண்டு பத்திரம், இரண்டு சார்பதிவாளர் அலுவலகம், இரண்டு வில்லங்கச் சான்று, இரண்டு பட்டா. தோப்புக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம் (2023 ஏப்ரலுக்கு முன் 11). விவசாய நிலமாக இருந்து விற்பவர்கள் வெளிநாட்டுக் குடிமக்களாக இருந்தால், வாரிசாக வந்த நிலத்தை அவர்கள் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமக்களுக்குத்தான் விற்கலாம், அதையும் கவனியுங்கள். தோப்பு மோட்டாருக்கு ஒரு மின்வாரியம், வீட்டு விளக்குக்கு இன்னொன்று. அளவிலும் ஜாக்கிரதை. பழைய பேச்சில் எல்லாம் குழிக் கணக்கு, அது ஊருக்கு ஊர் மாறும், 144 சதுர அடிக் குழியும் உண்டு, 576 சதுர அடிக் குழியும் உண்டு. பிரெஞ்சுப் பத்திரத்தில் ஆர் என்று இருந்தால் அது 100 சதுர மீட்டர், அதில் குழப்பம் இல்லை. எதுவானாலும் சர்வேயரை வைத்துக் கல் போட்டு அளந்த பிறகு பணம் கொடுங்கள்.

கடன் வாங்கி வாங்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. நாங்கள் போன வங்கியில் சுண்ணாம்புக் கட்டடம், அனுமதி வரைபடம் இல்லை என்று சொல்லிக் கைவிரித்துவிட்டார்கள். கையில் இருப்பதை வைத்துத் திட்டமிடுங்கள்.

அடுத்தது ஆறு. தென்பெண்ணை வருஷத்தில் பெரும்பாலும் மணலும் நாணலும்தான், அதைப் பார்த்து ஏமாறக்கூடாது. கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, கிருஷ்ணகிரி, சாத்தனூர், திருக்கோவிலூர் என்று வந்து கடலூருக்குப் பக்கத்தில் கடலில் சேரும் ஆறு, மேலே எங்கே மழை பெய்தாலும் கடைசியில் நம் வாசலுக்கு வரும். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது, அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிட்டார்கள். கடலூர்க் கரையிலும் பாகூர்க் கரையிலும் ஊர்கள் மூழ்கின. அதனால் வீடு பார்க்கும்போது உள்ளூர்க்காரர்களிடம் 2015-இல் தண்ணீர் எதுவரை, 2024-இல் எதுவரை என்று இரண்டையும் கேளுங்கள். பெரியவர் எனக்கு விரலை வைத்துக் காட்டினார், திண்ணைப் படி நான்கில் மூன்றாவது படியில் வண்டல் கோடு இன்னும் இருக்கிறது. உள்ளே வரவில்லை. கட்டியவர் மேட்டைத் தேர்ந்தெடுத்து, அதற்கு மேல் இடுப்பளவு கடைக்கால் தூக்கியிருக்கிறார். பின்னால் பத்து வருஷத்துக்கு முன் கட்டிய கான்கிரீட் வீட்டில் கட்டில் வரை தண்ணீர். பழைய வீடுகள் எங்கே நிற்கின்றன என்று பார்த்தாலே அந்த ஊரில் வெள்ளம் எப்படிப் போகும் என்பது தெரிந்துவிடுகிறது.

சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பாகூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலையும் அதன் கிளைகளையும் மனையின் எந்தப் பக்கம் போகின்றன என்று பாருங்கள். வாய்க்காலை அடைத்து மனை போட்டிருந்தால், அந்த மனை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

இப்போது வீட்டு வேலை நடக்கிறது. முதல் வேலையே சிமெண்டை எடுப்பதுதான். முன்பு யாரோ நல்ல எண்ணத்தில் சுவரின் கீழ்ப்பாதிக்குச் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், அதே மாதிரி வெளியே விட்டுவிடும். சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று, உப்புப் பூத்து, செங்கல்லே மாவாகிறது. உளியால் சிமெண்ட் பூச்சைத் தட்டியதும் பின்னால் செங்கல் விரலால் சுரண்டினாலே உதிர்ந்தது, இரண்டு முழம் மேலே சிமெண்ட் படாத இடத்தில் அதே செங்கல் கணீரென்று சத்தம் கொடுத்தது. மரத்தைச் சோதிக்க உத்திரத்தின் நடுவில் தட்டிப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை, சுவருக்குள் போகிற முனையில் ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள், அழுகலும் கரையானும் முதலில் அங்கேதான். எங்களுக்கு இரண்டு உத்திர முனைகள் போயிருந்தன. முழு உத்திரத்தையும் மாற்றாமல் முனையை மட்டும் வெட்டிப் பழைய தேக்கில் ஒட்டுப் போட்டார் ஆசாரி, ரொம்ப நேர்த்தியான வேலை.

பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கித் தொட்டியில் நீற்றிப் போட்டிருக்கிறோம். கடுக்காயும் வெல்லமும் தனித் தொட்டியில் ஊறுகின்றன, அந்த வாசனையில் தெருப் பிள்ளைகள் எல்லாம் வந்து எட்டிப் பார்க்கிறார்கள். இதுவரை பிரச்சினை இல்லை.

பிரச்சினை மெட்ராஸ் டெரஸ் தளம். முன்னறையில் ஒரு மூலை இறங்கியிருக்கிறது, பிரித்துத்தான் போட வேண்டும். உத்திரத்தின் மேல் சட்டம் வைத்து, அதன் மேல் மெல்லிய அச்சுக்கல்லைச் செங்குத்தாகக் கோணல் வரிசையில் சுண்ணாம்பு வைத்துக் கட்டி, மேலே செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பு போட்டு நாள் கணக்கில் கட்டையால் அடித்து இறுக்கி, தட்டோடு பதிக்க வேண்டும். பூசத் தெரிந்தவர்கள் கிடைக்கிறார்கள், இந்தத் தளம் கட்டத் தெரிந்த கொத்தனார் பாகூர், நெல்லிக்குப்பம், கடலூர் எங்கேயும் அமையவில்லை. கேட்கிற கொத்தனார் எல்லாம் "கான்கிரீட் போட்டுடலாம்க்கா" என்கிறார்கள். அந்த எடையை இந்தச் சுவர்கள் தாங்குமா என்பது ஒரு பக்கம், எனக்கு அந்தத் தளம் அப்படியே வேண்டும். அச்சுக்கல் பழைய வீடு பிரித்த இடத்திலிருந்து எடுத்து அடுக்கி வைத்திருக்கிறேன். திருக்கோவிலூர், பண்ருட்டி, சிதம்பரம் எந்தப் பக்கமானாலும் சரி, கையால் இந்தத் தளம் போட்டுப் பழக்கமுள்ள கொத்தனார் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள், வயதானவராக இருந்தாலும் பரவாயில்லை, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால் போதும், செய்வதற்கு இரண்டு இளவட்டப் பிள்ளைகள் ஆர்வமாகக் காத்திருக்கிறார்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் மூடியாக வேண்டும்.